இரண்டாவது மானிட்டர் இணைத்த பிறகு மென்பொருள்கள் தானாக மூடிக்கொள்கின்றன. விண்டோஸை மறுபடி நிறுவுவதுதான் வழியா?

வேண்டாம். அதே கேபிள் அதே துளையில் இருந்து, அதே டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) ஏறினால், புது விண்டோஸிலும் மறுநாளே இதே கதைதான். ஒரு நாள் வேலை போனது மட்டும் மிச்சம்.

கேள்வியில் உள்ள விவரம் இது: விண்டோஸ் 11, தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட மேசைக் கணினி. 27 அங்குல 4கே மானிட்டர் 150 சதவீத ஸ்கேலிங்கில், அதாவது எழுத்தையும் ஐகானையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அமைப்பில், இருக்கிறது. அதன் இடப்பக்கம் பழைய 22 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர், 100 சதவீதத்தில். லிப்ரே ஆபிஸ், ஃபோட்டோஷாப் இரண்டும் அவ்வப்போது மூடிக்கொள்கின்றன. ஒரு மானிட்டரைக் கழற்றினால் எல்லாம் சரி.

இதில் விட்டுப்போன ஒரு தகவல்தான் முக்கியமானது. எந்த நொடியில் மூடுகிறது? விண்டோவை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கும்போதா, மென்பொருளைத் திறக்கும்போதா, மானிட்டர் தூங்கி எழுந்த பிறகா, அல்லது திரை ஒரு நொடி கறுத்து மீண்டும் வந்த பிறகா? நான்குக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இரண்டு நாள் கவனித்து ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அதற்கு முன் கணினியின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப்பாருங்கள். இரண்டு கேபிளும் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கின்றனவா? கார்டின் துளைகள் கீழே, பக்கவாட்டில் படுத்த மாதிரி இருக்கும். யுஎஸ்பி, நெட்வொர்க் துளைகளோடு சேர்ந்து மேலே இருப்பவை மதர்போர்டின் துளைகள். கார்டில் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் துளைகள்தான் அதிகம், எச்டிஎம்ஐ ஒன்றுதான் இருக்கும். அதனால் இரண்டாவது எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகிவிடுவார்கள். படமும் வரும். யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் அந்த நிமிடம் முதல் உங்கள் கணினியில் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் வேலை செய்கின்றன: ஒரு திரைக்குக் கார்டு, இன்னொரு திரைக்குப் பிராசசருக்குள் இருக்கும் சிப். ஒன்று வரைந்த படத்தை மற்றதன் திரையில் காட்ட, ஒவ்வொரு ஃப்ரேமையும் விண்டோஸ் நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். ஓபன்ஜிஎல் என்ற வரைகலை முறையைப் பயன்படுத்தும் மென்பொருள் திறந்தவுடன் ஒரு டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். நடுவழியில் திரை மாறினால் சில மென்பொருள்களுக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது. உறுதிப்படுத்த செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போங்கள். ஒவ்வொரு மானிட்டரையும் தேர்ந்தெடுத்தால் அது எந்தச் சிப்பில் இணைந்திருக்கிறது என்று பெயரோடு காட்டும். இரண்டு பெயர் வந்தால் மற்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள். இரண்டு கேபிளும் கார்டுக்கு வரட்டும். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் வாங்குங்கள். இப்போதைய கார்டுகளில் அனலாக் சிக்னலே வராது என்பதால் வெறும் கம்பியை மாற்றிக் கொடுக்கும் மலிவு அடாப்டர் உதவாது.

லேப்டாப்பில் இந்தச் சுதந்திரம் இல்லை. சொந்தத் திரை பிராசசர் சிப்பிலும், எச்டிஎம்ஐ துளை தனிச் சிப்பிலும் இணைக்கப்பட்ட மாடல்கள் நிறைய. அங்கே செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், தகராறு செய்யும் மென்பொருளை மட்டும் சேர்த்து, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று நிலையாக ஒரு சிப்பில் கட்டிப்போடலாம். மென்பொருளை மூடித் திறந்த பிறகுதான் அது அமலாகும்.

துளை சரியாக இருந்தும் மூடினால், விண்டோஸ் எழுதிவைத்த குறிப்பைப் படியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள் இருக்கும். அதைத் திறந்தால் 'ஃபால்ட் மாட்யூல்' என்ற வரியில் ஒரு டிஎல்எல் கோப்பின் பெயர் இருக்கும். மென்பொருள்கள் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் நிரல் துண்டு அது. அதே விவரம் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் எண் 1000 ஆகப் பதிவாகியிருக்கும். கோப்பின் பெயர் என்.வி. என்று தொடங்கினால் என்விடியா டிரைவர், ஏ.டி.ஐ. அல்லது ஏ.எம்.டி. என்றால் ஏஎம்டி, ஐ.ஜி. என்றால் இன்டெல். அநேகமாக இந்த மூன்றில் ஒன்றைப் பார்ப்பீர்கள். என்.டி.டி.எல்.எல். என்ற விண்டோஸின் சொந்தக் கோப்பின் பெயர் வந்தால் அதை நம்பி விண்டோஸைக் குறைசொல்ல வேண்டாம். அது பிணம் கிடந்த இடம், கொலைகாரன் அல்ல. பிழைக் குறியீடு சி0000005 என்று இருந்தால், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொடப்போய் மென்பொருள் விழுந்தது என்று பொருள்.

ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பின் பெயர் வந்தால் டிரைவர் அல்லது மென்பொருள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு மென்பொருள் என்றால் மானிட்டர் விஷயத்தையே விட்டுவிடுங்கள், ரேமைச் சோதியுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போதே வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டு ரேம் வேகத்தைக் கூட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

இனி அந்த நான்கு நொடிகள்.

இழுக்கும்போது விழுந்தால் உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் ஸ்கேலிங் மீது. 100 சதவீதம் என்பது அங்குலத்துக்கு 96 புள்ளி, 150 என்பது 144. விண்டோவின் பெரும்பகுதி எல்லையைத் தாண்டியதும், 'அளவு மாறிவிட்டது' என்று விண்டோஸ் ஒரு செய்தி அனுப்பும். மென்பொருள் அந்த ஒரு நொடிக்குள் எழுத்துருக்கள், ஐகான்கள், வரைபரப்பு அத்தனையையும் புது அளவில் மறுபடி கட்ட வேண்டும். திரைக்குத் திரை வேறு ஸ்கேலிங் என்பதே விண்டோஸ் 8.1-இல்தான் வந்தது, ஓரளவு பக்குவப்பட்டது விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பில். அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களும், அதன் மேல் ஒட்டுப்போட்ட பிளக்இன்களும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

சோதனை எளிது. இரண்டு மானிட்டரையும் 100 சதவீதத்துக்கு மாற்றி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். 27 அங்குல 4கேயில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டு இருபது முறை இழுத்துப் பாருங்கள். ஒருமுறைகூட விழவில்லை என்றால் குற்றவாளி ஸ்கேலிங்தான். பழையபடி 150-க்குத் திரும்பிவிட்டு, மென்பொருளின் இஎக்ஸ்இ கோப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' போங்கள். கீழேயுள்ள 'ஓவர்ரைடு' பெட்டியை டிக் செய்து 'சிஸ்டம்' என்று தேர்ந்தெடுங்கள். இனி அளவு மாறியதை மென்பொருளுக்குச் சொல்லாமல் விண்டோஸே படத்தை நீட்டிச் சுருக்கிக் காட்டும். இரண்டில் ஒரு திரையில் எழுத்து கொஞ்சம் மங்கும். விழாமல் இருப்பதற்கு அந்த விலை பரவாயில்லை. மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பகுதியில் பல திரைகளுக்கான 'ஆப்டிமைஸ் ஃபார் கம்பாட்டிபிலிட்டி' இருக்கிறதா என்று பாருங்கள். 

திறக்கும்போதே விழுந்தால், மானிட்டர் இடப்பக்கம் இருப்பதைக் கவனியுங்கள். முதன்மைத் திரையின் மேல் இடது மூலைதான் பூஜ்யம். அதற்கு இடப்பக்கம் உள்ள ஃபுல் எச்டி திரையின் இடங்கள் எல்லாம் மைனஸ் 1920 முதல் மைனஸ் 1 வரை. கடைசியாக விண்டோ இருந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும் மென்பொருள்களில், மைனஸ் எண்ணையே எதிர்பார்க்காதவை உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தப் பெட்டியை வலப்பக்கத்துக்கு இழுத்துவைத்துப் பாருங்கள். மேசையில் மானிட்டரை நகர்த்த வேண்டியதில்லை. சரியானால் காரணம் தெரிந்துவிட்டது, மென்பொருளின் அமைப்புகளை ஒருமுறை அழித்தால் போதும். ஃபோட்டோஷாப்பைத் திறந்த உடனே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் அழிக்கட்டுமா என்று கேட்கும். லிப்ரே ஆபிஸுக்கு ஸ்டார்ட் மெனுவிலேயே 'சேஃப் மோட்' இருக்கிறது.

இதில் ஒரு பொய்க் கிராஷும் உண்டு. டாஸ்க்பாரில் ஐகான் இருக்கும், விண்டோவைக் காணோம். கழற்றிய மானிட்டர் இருந்த இடத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐகானைக் கிளிக் செய்து விண்டோஸ் கீ, ஷிஃப்ட், இடது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரவில்லையென்றால் ஆல்ட்டோடு ஸ்பேஸ், பிறகு எம், பிறகு ஏதாவது ஒரு அம்பு. அதன்பின் மவுஸை நகர்த்தினால் விண்டோ ஒட்டிக்கொண்டு வரும்.

தூங்கி எழுந்த பிறகு விழுவது பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட்டின் குணம். அதில் இணைத்த மானிட்டரை அணைத்தால், பல மாடல்களில் கேபிளையே உருவியது மாதிரி விண்டோஸுக்குத் தெரியும். எல்லா விண்டோக்களும் மிச்சமுள்ள திரைக்கு ஓடும், எழுந்ததும் திரும்பும். மென்பொருளைத் திறந்துவைத்து, மானிட்டரை அதன் பொத்தானால் அணைத்து மீண்டும் போடுங்கள். விழுந்தால் சந்தேகமில்லை. மானிட்டரின் சொந்த மெனுவில் 'டீப் ஸ்லீப்' என்று இருந்தால் அணையுங்கள், தானாக உள்ளீடு தேடும் 'ஆட்டோ ஸ்விட்ச்' இருந்தால் அதையும். இல்லையென்றால் அந்த ஒன்றை எச்டிஎம்ஐக்கு மாற்றிப் பாருங்கள்.

திரை கறுத்து மீள்வது எல்லாவற்றிலும் கனமான அறிகுறி. கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரையே நிறுத்தித் தொடங்கும். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் எண் 4101 ஆகப் பதிவாகும். அந்த நொடியில் கார்டிடம் வேலை கொடுத்துவிட்டுக் காத்திருந்த மென்பொருள்கள் நிராதரவாகிவிடும். சில சமாளிக்கும், சில சாகும். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் நடந்தால் நீலத்திரைதான். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 8, 10 என்று நீட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. நீண்ட ரெண்டரிங் வேலை செய்பவர்களுக்கு அது நியாயம். உங்களைப் போன்றவர்களுக்கு அது காய்ச்சல்மானியை உடைப்பது மாதிரி.

இங்கே டிரைவரைச் சுத்தமாக மாற்றுங்கள். புது டிரைவரைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, நெட் கேபிளை உருவிவிட்டு, விண்டோஸின் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில்) 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற கருவியைக் கொண்டு பழையதைத் துடைத்துவிட்டு நிறுவுங்கள். நெட் இருந்தால் இடையில் விண்டோஸ் அப்டேட் தானாக ஒன்றை ஏற்றிவிடும். என்விடியாவில் ஃபோட்டோஷாப் மாதிரி வேலைகளுக்கு 'ஸ்டுடியோ' டிரைவரை எடுங்கள். புதியது என்பதாலேயே நல்லது என்றில்லை. சிக்கல் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். பிறகு இரண்டு மானிட்டரின் கேபிளையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் எச்டிஎம்ஐ கேபிள் தேவை, பெட்டியில் கிடந்த பழையது போதாது. கறுப்பது கேபிளோடு இடம்பெயர்ந்தால் கேபிளைத் தூக்கிப்போடுங்கள். கார்டுக்கு இரண்டு மின் இணைப்பு இருந்தால், ஒரே கம்பியின் வால் முனைகளைச் செருகாமல் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கம்பி கொடுங்கள். 8 முள் இணைப்பு ஒன்றின் வரையறை 150 வாட், மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட்.

நான்கிலும் அடங்கவில்லையா? மென்பொருளில் கிராபிக்ஸ் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். லிப்ரே ஆபிஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ பகுதியில் 'ஃபோர்ஸ் ஸ்கியா சாஃப்ட்வேர் ரெண்டரிங்' பெட்டியை டிக் செய்யுங்கள். ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'யூஸ் கிராபிக்ஸ் பிராசசர்' டிக்கை எடுத்துவிடுங்கள். லிப்ரே ஆபிஸை அப்படியே விட்டுவிடலாம், கணக்குத்தாளுக்குக் கார்டு தேவையில்லை. ஃபோட்டோஷாப்பில் இதைச் சோதனையாக மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் பல வசதிகள் முடங்கும்.

இரண்டாவது மானிட்டர் யுஎஸ்பி அடாப்டர் வழியாக வருகிறது என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர்கள் படத்தைச் சுருக்கி யுஎஸ்பியில் அனுப்புபவை, அவற்றுக்குத் தனி டிரைவர். முதலில் அந்த டிரைவரைப் புதுப்பியுங்கள், கிராபிக்ஸ் கனமான மென்பொருளை அந்தத் திரையில் வைக்காதீர்கள்.

கடைசியில் மென்பொருளின் பிழைதான் என்று தெரிந்தால், அதை உருவாக்கியவர்களுக்கு எழுதும்போது 'இரண்டு மானிட்டரில் கிராஷ்' என்று மட்டும் எழுதினால் அவர்களால் அதைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்க முடியாது. எந்தத் திரை முதன்மை, மற்றது எந்தப் பக்கம், இரண்டின் தெளிவுத்திறன், ஸ்கேலிங், ஹெர்ட்ஸ், டிரைவர் பதிப்பு எண், ஃபால்ட் மாட்யூல் பெயர், எந்த நொடியில் விழுந்தது, இத்தனையும் வேண்டும்.