ஜேபியோ ஜித்தாவோ, கிளம்புறதுக்கு முன்னாடி ஹேண்ட்போன கொஞ்சம் பாருங்க

ஜூன் ஸ்கூல் லீவு வந்துட்டா சிங்கப்பூர் தேக்கா பக்கம் எங்க ஹேண்ட்போன் கடையில கூட்டம் தாங்காது, டிக்கெட்ட மூணு மாசம் முன்னாடியே போட்டுடுவாங்க, போன பத்தி மட்டும் ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஏறும்போதுதான் யோசிப்பாங்க. இந்த வாரம் கேட்ட கேள்விங்க எல்லாருக்கும் உதவும்னு தோணுச்சு.

உட்லண்ட்ஸ்லேருந்து ஒரு அக்கா: தம்பி, நான் ஜேபி (ஜொகூர் பாரு) பக்கமே போகல, ஆனா பில்லுல மலேசியா ரோமிங்னு, அதாவது வெளிநாட்டு லைன உபயோகிச்சேன்னு, காசு புடிச்சிருக்காங்க. இது என்ன அநியாயம்?

அக்கா, ஜொகூருக்குப் போற காஸ்வே நீளமே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தப் பக்கத்து டவர் சிக்னல் கடல தாண்டி நம்ம வீட்டு பால்கனி வரைக்கும் வரும். நம்ம நெட்வொர்க் அந்த எடத்துல கொஞ்சம் வீக் ஆச்சுன்னா போன் தானா மலேசியா லைன புடிச்சிக்கும். கிராஞ்சி, செம்பவாங், புலாவ் ஊபின் எல்லா எடத்துலயும் இது நடக்குது. செட்டிங்ஸ்ல டேட்டா ரோமிங்க ஆஃப் பண்ணுங்க, அது போதும். அதுக்கப்புறமும் மலேசியா பேரு காட்டுனா நெட்வொர்க் செலெக்‌ஷன்ல ஆட்டோமேட்டிக்க எடுத்துட்டு நம்ம டெல்கோ (போன் லைன் கம்பெனி) பேர நீங்களே தேர்ந்தெடுங்க. ஆனா நெஜமாவே ஜேபி போற அன்னிக்கு அத திரும்ப ஆட்டோமேட்டிக்ல போடணும், இல்லன்னா அங்க லைனே வராது. பில்லுக்கு டெல்கோவுக்கு போன் பண்ணி வீட்டுலதான் இருந்தேன்னு சொல்லிக் கேளுங்க, கேக்காம விட்டா ஒரு வெள்ளி கூட திரும்ப வராது.

இன்னொன்னு, இப்ப செக்பாயின்ட்ல பாஸ்போர்ட்டுக்கு பதிலா நம்ம குடிநுழைவுத் துறையோட மைஐசிஏ ஆப் கியூஆர் காட்டிப் போலாம், 2024 மார்ச்லேருந்து இருக்கு. கியூவுல நின்னுக்கிட்டு டவுன்லோட் பண்ணாதீங்க, வீட்டுலயே ரெடி பண்ணிடுங்க. பாஸ்போர்ட்டயும் கண்டிப்பா எடுத்துக்கணும், ஜொகூர் பக்கம் அது வேணும்.

ஈசூன்லேருந்து ஒருத்தர்: அண்ணே, திருச்சிக்கு ஒரு மாசம் போறோம். போன தடவ இந்திய சிம் போட்டதும் நம்ம ஊரு பேங்க் ஓடிபி எதுவுமே வரல, கார்ட்ல ஒரு பேமென்ட் கூட போடமுடியல. இந்த தடவ என்ன பண்றது?

அதிகம் பேரு மாட்டிக்கிறது இதுலதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நம்பர் வேற, டேட்டா வேற. நெட்டுக்கு இந்திய சிம் போடுங்க, மலிவு. ஆனா சிங்கப்பூர் சிம்ம கழட்டி பர்ஸ்ல போட்டுட்டா உங்க நம்பருக்கு வர்ற ஓடிபி எங்க போய் சேரும்? ரெண்டு சிம் போன்னா ரெண்டும் உள்ளயே இருக்கட்டும். இல்ல, இப்ப வர்ற நெறைய போன்ல இசிம் (அட்டை இல்லாம போனுக்குள்ளயே பதியற சிம்) இருக்கு, ஒரு சிம்ம இசிமா மாத்திட்டா எடப் பிரச்சன தீர்ந்தது.

சிங்கப்பூர் லைன்ல ரோமிங் சர்வீஸ் ஆன்ல இருக்கணும், டேட்டா ரோமிங் மட்டும் ஆஃப்ல இருக்கணும். இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சி மொத்தமா நிறுத்திடறாங்க, அப்ப எஸ்எம்எஸ்ஸும் நின்னுடும். வெளிநாட்டுல எஸ்எம்எஸ் வாங்குறதுக்கு நம்ம ஊரு டெல்கோங்க காசு எடுக்கறதில்ல. ஆனா அந்த நம்பருக்கு வர்ற போன் கால எடுத்தா நிமிஷக் கணக்குல போகும், அத எடுக்காம வாட்ஸ்அப்ல கூப்புடச் சொல்லுங்க. ஐபோன்ல மொபைல் டேட்டா ஸ்விட்சிங்னு ஒண்ணு இருக்கு, அதையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா டேட்டா ரோமிங் தெரியாம ஆன்ல இருந்தா, இந்திய சிக்னல் கொறையும்போது அது பாட்டுக்கு சிங்கப்பூர் டேட்டாவுக்கு தாவிடும். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் நம்பர மாத்தவான்னு கேக்கும், வேணாம்னு சொல்லிடுங்க.

அப்புறம், டிரிப்புக்காக புது போன் வாங்கி அத எடுத்துக்கிட்டு அன்னிக்கே கிளம்பாதீங்க. பேங்க் ஆப்ல நீங்கதான்னு உறுதி பண்ற டிஜிட்டல் டோக்கன புது போனுக்கு மாத்துனா கொறஞ்சது 12 மணி நேரம் காத்திருக்கணும். திருட்டுத்தனத்த தடுக்க 2022ல கொண்டுவந்த ஏற்பாடு, நல்லதுதான். ஒரு வாரம் முன்னாடியே மாத்தி, சிங்பாஸும் (அரசாங்க லாகின் ஆப்) வேல செய்யுதான்னு ஒரு தடவ லாகின் பண்ணிப் பாத்துட்டுப் போங்க.

இந்திய சிம்முக்கு பாஸ்போர்ட், விசா காப்பி, போட்டோ வேணும், அங்க இருக்கற சொந்தக்காரங்க நம்பர் ஒண்ணும் கேப்பாங்க. உடனே ஆக்டிவேட் ஆகும்னு எதிர்பாக்காதீங்க, மொத நாளுக்கு மட்டும் ஒரு ரோமிங் பேக் போட்டுக்கிட்டா ஏர்போர்ட்ல தவிக்க வேணாம்.

பணம் அனுப்பற நம்ம பேநவ் இந்தியாவோட யுபிஐயோட இணைஞ்சிடுச்சே, கடையில ஸ்கேன் பண்ணலாமான்னும் கேட்டிருந்தீங்க. 2023 பிப்ரவரியில வந்த அந்த இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான், இளநீர் கடை கியூஆருக்கு இல்ல. உங்களுக்கு வெளிநாட்டுல இருக்கற இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ பேங்க் கணக்கு இருந்தா சிங்கப்பூர் நம்பர வச்சே யுபிஐ எடுக்கலாம், உங்க பேங்க்ல கேளுங்க.

துவாஸ் டார்மிட்டரியிலேருந்து ஒரு தம்பி: என் இந்திய நம்பர் ஆதாரோட சேர்ந்தது. ரெண்டு வருஷமா இங்க இருக்கேன், அது செத்துடுமா அண்ணே?

விட்டுட்டா செத்துடும் தம்பி. 90 நாள் எந்த உபயோகமும் இல்லன்னா நம்பர நிறுத்தலாம், அப்புறம் அது வேற ஒருத்தர் கைக்குப் போயிடும். உன் பேங்க் ஓடிபி முன்ன பின்ன தெரியாத ஒருத்தருக்குப் போறத நெனச்சாலே வயித்தக் கலக்குது. 2025 ஆரம்பத்துலேருந்து டேட்டா இல்லாம கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் அங்க விக்கறாங்க, ஒரு வருஷ பேக் கூட இருக்கு, வீட்டுலேருந்து அப்பாவோ தங்கச்சியோ உனக்கு போட்டுடலாம். இன்டர்நேஷனல் ரோமிங் ஆன்ல இருக்கான்னு சிம் கம்பெனி ஆப்ல பாத்துக்க. சிம்ம டிராயர்ல போட்டு வைக்காத, ரெண்டாவது ஸ்லாட்ல இருக்கட்டும், மாசம் ஒரு தடவயாவது ஊருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பு. நாளு முழுக்க வெயில்ல ஒழச்சி அனுப்புற காசு அந்த நம்பர நம்பித்தான் இருக்கு, அதுக்காகத்தான் இவ்ளோ சொல்றேன்.

பிடோக்லேருந்து: அத்தாவும் அம்மாவும் உம்ரா போறாங்க. சவூதி சிம்மா, ரோமிங்கா?

வயசானவங்கன்னா நான் எப்பவும் ரோமிங் பேக்தான் சொல்லுவேன், கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல. சவூதியில சிம் வாங்க பாஸ்போர்ட்டோட கைரேகையும் வைக்கணும், ராத்திரி ஜித்தாவுல எறங்குன அசதியில அந்த வரிசை எதுக்கு? மதீனாவுல நபிகள் பள்ளிவாசல்ல இருக்கற ரவ்ழா போக சவூதி அரசாங்கத்தோட நுசுக் ஆப்ல பெர்மிட் எடுக்கணும், அத இங்கயே போட்டு எப்படி தொறக்கறதுன்னு பழக்கிவிடுங்க. வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் அனுப்பவும் சொல்லிக்குடுங்க. மக்காவுல அவ்ளோ கூட்டத்துல ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டா அதுதான் கை குடுக்கும்.

மரினா பேலேருந்து குரூஸ் போறோம், பினாங்குக்கு மலேசியா பேக் போட்டா போதுமா?

பினாங்குல எறங்குனா போதும், கப்பல்ல போதாது. நடுக்கடல்ல போன் கப்பலோட சொந்த நெட்வொர்க்க புடிக்கும், அது சேட்டிலைட் வழியா போறது, ரேட்டு ரொம்ப அதிகம், மலேசியா பேக்ல சேராது. கப்பல் கிளம்புனதும் ஃபிளைட் மோட போட்டுட்டு வைஃபை மட்டும் ஆன் பண்ணுங்க.

சைனாவுல வாட்ஸ்அப் வேல செய்யுமா?

அந்த ஊரு சிம்லயும் ஓட்டல் வைஃபையிலயும் வராது. சிங்கப்பூர் சிம் ரோமிங்ல வரும், ஏன்னா உங்க டேட்டா நம்ம டெல்கோ வழியா சுத்திதான் வெளிய போகுது.

பவர் பேங்க் பிளேன்ல?

கைப்பையில மட்டும், செக்-இன் பெட்டியில கூடாது. 100 வாட் அவர் வரைக்கும் கேள்வி இல்ல, 20,000 எம்ஏஎச்னா சுமார் 74 வாட் அவர் வரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1லேருந்து பிளேன் உள்ள பவர் பேங்க்ல போன் சார்ஜ் போடவும் விடறதில்ல.

பேங்காக்ல போன் திருடு போச்சு, மொதல்ல என்ன பண்ணியிருக்கணும்?

போலீசுக்குப் போறதுக்கு முன்னாடியே டெல்கோவுக்கு சொல்லி சிம்ம நிறுத்தணும், அடுத்தது பேங்க் கில் ஸ்விட்ச் (கணக்க உடனே முடக்கற வசதி). என் தங்கச்சிக்கு இப்படி ஆனப்போ அவ கையில இருந்தது 1800ல ஆரம்பிக்கற நம்பருங்கதான், வெளிநாட்டுலேருந்து அது போகவே இல்ல. அதனால டெல்கோ, பேங்க் ரெண்டோட வெளிநாட்டு நம்பரையும் +65 போட்டு ஒரு தாள்ல எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ள வைங்க, ஏன்னா நம்பரெல்லாம் அந்த காணாமப் போன போன்லதான் இருக்கும்.

போன் லாக்ல இருந்தாலும் திருடன் சிம்ம கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி அவனுக்கு வந்துடும். அதத் தடுக்க சிம் பின் (PIN)னு சிம்முக்கே போடற ரகசிய நம்பர் ஒண்ணு இருக்கு, நெறைய பேரு போடறதே இல்ல. போடும்போது பழைய பின்ன கேக்கும், டெல்கோ குடுத்த அத பாத்துட்டு போடுங்க, மூணு தடவ தப்பானா லாக் ஆகி அத தொறக்க பியூகே (PUK) நம்பர் கேக்கும். அந்த பியூகேவையும் கிளம்புறதுக்கு முன்னாடி டெல்கோகிட்ட வாங்கி வீட்டுல இருக்கற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டுப் போங்க.