ஹோஸ்டிங் சொல்லும் எண் ஒன்று, கூகுள் சொல்லும் எண் வேறு: எதை நம்புவது?

கேள்வி: காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். வலைத்தளமும் உண்டு. ஹோஸ்டிங் பேனலில் உள்ள ஏடபிள்யூஸ்டாட்ஸ், 2025 அக்டோபரில் 41,000 ஹிட்ஸ், 6,200 விசிட்ஸ் என்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸோ 1,150 பேர்தான் என்கிறது. 2024 அக்டோபரைவிட அதுவும் குறைவு. வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர் 60. எது உண்மை? விளம்பரத்துக்குப் பணம் போடலாமா?

பதில்: முதலில் அந்த 41,000-ஐ மறந்துவிடுங்கள். பக்கம் ஒருமுறை திறக்கும்போது சர்வரிலிருந்து போகும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். முறுக்கு, சீடை, அதிரசம் என்று இருபது படம் வைத்திருந்தால், வந்தவர் ஒருவரே ஆனாலும் ஹிட் இருபதைத் தாண்டிவிடும்.

விசிட்ஸ் கொஞ்சம் தேவலை. ஆனால் அது ஐ.பி. முகவரியை, அதாவது இணைய இணைப்பின் எண்ணை, வைத்து ஆளைக் கணிக்கிறது. தெரிந்த போட்களை (ஆளில்லாமல் தானாகவே தளங்களுக்கு வந்துபோகும் நிரல்களை) தனியே ஒதுக்கினாலும், சாதாரண பிரவுசர் போல வேடமிட்டு வருபவை கணக்கில் சேர்ந்துவிடும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய தளமாக இருந்தால் லாகின் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் போட்கள் ராப்பகலாக வரும். எந்தப் பக்கம் திறக்கவில்லை, எங்கே பிழை என்று பார்க்க ஏடபிள்யூஸ்டாட்ஸ் உதவும். வியாபார முடிவுக்கு உதவாது.

அனலிட்டிக்ஸ், வருபவரின் பிரவுசரில் அதன் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஓடினால்தான் எண்ணும். அதனால் பெரும்பாலான போட்கள் அதில் விழுவதில்லை. ஆனால் அது ‘பேர்’ என்று சொல்வது பிரவுசர்களைத்தான். போனில் ஒருமுறை, கம்ப்யூட்டரில் ஒருமுறை பார்த்தவர் பெரும்பாலும் இரண்டு பேர் ஆகிவிடுவார். வந்தவரை மறுபடி அடையாளம் காண அது பிரவுசரில் குக்கி என்ற சிறு குறிப்பை வைக்கிறது; ஐபோனின் சஃபாரி பிரவுசர் அத்தகைய குக்கியை 7 நாளுக்கு மேல் வைத்திருக்காது. பத்து நாள் கழித்து வரும் பழைய வாடிக்கையாளரும் புதியவராகவே தெரிவார். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் கணக்கிலேயே வராமல் போகலாம். ஆகவே 1,150 என்பது தலைக்கணக்கு அல்ல. அதே கருவியின் முந்தைய எண்ணோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 2024 தீபாவளி அக்டோபர் 31. அந்த மாதம் முழுக்க உங்களுக்குச் சீசன். 2025-இல் அக்டோபர் 20; பண்டிகை முடிந்த பிறகு கடைசிப் பத்து நாளில் யார் அதிரசம் தேடப் போகிறார்கள்? 2024 அக்டோபர் 1 முதல் 31 வரை ஒரு பக்கம், 2025 செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 20 வரை மறுபக்கம் வைத்துப் பாருங்கள். குறைந்ததாகத் தெரிவது குறையாமலே இருந்திருக்கலாம். பலகாரம், பட்டு, பட்டாசு விற்பவர்கள் ஆங்கில மாதத்தை வைத்து ஒப்பிடுவதை நான் சிபாரிசு செய்வதே இல்லை.

அடுத்து, எங்கிருந்து வந்தார்கள் என்று அனலிட்டிக்ஸ் காட்டும் பட்டியலில் ‘டைரக்ட்’ என்று ஒரு வரி பெரிதாக இருக்கிறதா? முகவரியைத் தட்டி வந்தவர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த லிங்க்கைத் தொட்டு வருபவர்களும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்ற தகவல் கூட வருவதில்லை. கூகுளின் கேம்பைன் யூஆர்எல் பில்டரில் எந்த வழியாக வந்தார் என்று காட்டும் யூடிஎம் குறி சேர்த்த லிங்க்கை இலவசமாகச் செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒன்று, சொந்தக்காரர்கள் குழுவுக்கு ஒன்று, பெட்டியில் ஒட்டும் க்யூஆருக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள்.

விளம்பர விஷயம். உங்கள் தளத்தின் வாட்ஸ்அப் பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்று தெரியாமல் பணம் போடாதீர்கள். அனலிட்டிக்ஸில் ‘என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்’ என்ற வசதி இயங்கினால், வெளித்தளத்துக்குப் போகும் கிளிக்குகள் தாமாகவே பதிவாகும். அதில் வாட்ஸ்அப் முகவரிக்குப் போகும் கிளிக்கை மட்டும் பிரித்து ‘கீ ஈவென்ட்’ (முக்கியமாக எண்ண வேண்டிய செயல்) ஆக்குங்கள். ஒரு மாதம் பாருங்கள். 300 பேர் அழுத்தி 60 பேர் மட்டும் வாங்கினால், கோளாறு கூரியர் கட்டணத்திலோ, நீங்கள் பதில் போடும் வேகத்திலோ இருக்கிறது. விளம்பரம் அதைச் சரிசெய்யாது. 80 பேர் அழுத்தி 60 பேர் வாங்கினால் தாராளமாகப் பணம் போடுங்கள்.