பீரங்கியும் உடம்பும்

அன்புள்ள ஐயா,

குடும்பத்துடன் வியட்நாம் போய்வந்தோம். ஹோ சி மின் நகரில் சுதந்திர மாளிகையையும் போர் அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். முற்றத்தில் டாங்கி முன்னால் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்ட என் மகன், உள்ளே ரசாயனத்தால் உருக்குலைந்தவர்களின் புகைப்படங்களைக் கண்டு அழுதுவிட்டான். பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போனது தவறா? அங்கே ஒரு தரப்பை மட்டுமே சொல்கிறார்கள் என்றும் பட்டது. நம் பக்கம் இப்படி ஓர் இடம் இல்லையே என்ற ஏக்கமும் இருக்கிறது.

ஒரு வாசகர், தருமபுரி

அன்புள்ள தம்பி,

ஒரு தரப்பு என்ற பேச்சை விடுங்கள். 1962 முதல் 1971 வரை தலைமேல் நஞ்சு தெளிக்கப்பட்டவர்கள் தங்கள் கதையைத்தான் சொல்வார்கள்.

அழுத பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். டாங்கி முன்னால் சிரித்தானே, அதற்குத்தான் நீங்கள் யோசித்திருக்க வேண்டும். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டியபோது, நெய் பூசி மயிற்பீலி சூட்டிய வேல்களைப் பார்த்து ஔவை என்ன சொன்னாள்? அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். அதியமான் ஊர்க்காரர் நீங்கள்!

"நம் பக்கம் இல்லையே" என்று எழுத எப்படி மனம் வந்தது? பாப்பாரப்பட்டி உங்களுக்குப் பக்கத்து ஊர். சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. 1908இல் வ.உ.சி.யோடு கைதானவர். 1912இல் விடுதலையானபோது தொழுநோயோடு வெளியே வந்தார். தொற்றுநோய் என்று காரணம் சொல்லி ரயிலில் ஏறக்கூடாதென்று தடுத்தது வெள்ளை அரசு. ஊர் ஊராகப் பேசித் திரிந்த மனிதரை முடக்க அந்தத் தடை ஒன்றே போதும் என்று நினைத்தார்கள். அவர் கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் போய்ப் பேசினார். புண்பட்ட கால்களோடு நடந்தார், தம்பி. பாரதமாதாவுக்குக் கோயில் கட்ட 1923இல் சித்தரஞ்சன் தாஸை அழைத்துவந்து பாப்பாரப்பட்டியில் அடிக்கல் நாட்ட வைத்தார். 1925 ஜூலை 23 அன்று அங்கேயே இறந்தார். நாற்பது வயது.

நான் சிறுவனாக இருந்தபோது கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் தொழுநோய் கண்ட பெரியவர் ஒருவர் இருந்தார். பஸ்ஸில் அவரை ஏற்ற மாட்டார்கள். சந்தைக்கு நடந்தே போவார். நாங்கள் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் ஒதுங்குவோம். அதே பள்ளிப் பருவத்தில்தான் சிவாவின் பெயரை மனப்பாடம் செய்தோம். அவருக்கும் இதே நோய் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெரியவரின் பக்கத்தில் நடந்திருப்போம். நோயை மறைத்து மாலை போடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிறை அந்த உடம்பை என்ன செய்தது என்று சொல்லாமல் விடுதலையைப் பற்றி எதைச் சொல்ல முடியும்?

வியட்நாமில் அழுத பிள்ளைக்கு இதைக் கேட்கும் பக்குவம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டிக்கு அழைத்துப் போங்கள். ரயில் தடையைப் பற்றி நீங்களே அவனிடம் சொல்லுங்கள், வழிகாட்டிக்கு விட்டுவிடாதீர்கள்.