மூன்றரை வயது மான்: விஸ்கான்சினுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில்தான் முழித்துக்கொண்டு நின்றேன். நவம்பர் பிறந்ததிலிருந்து ஆபீஸில் மான் பேச்சுதான், "நான் அடித்தது மூன்றரை வயது", "அது ஒன்றரைதான், விட்டுவிட்டேன்" என்கிறார்கள், பிறப்புச் சான்றிதழா வாங்கிப் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வேலை செய்பவர் வேட்டைக்குக் கூப்பிடுகிறார், போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அரை வயதில் ஒரு மர்மமும் இல்லை. இங்கே இருப்பது வெள்ளைவால் மான். பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ குட்டி போடும். துப்பாக்கி வேட்டைக்கான சீசன், நவம்பர் கடைசி வாக்கில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். அதனால் அப்போது விழும் எந்த மானுக்கும் வயதோடு ஒரு அரை ஒட்டிக்கொண்டே வரும்.

அடுத்து கொம்பு. இதில் நான் பட்ட அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஒருவர் வீட்டு கராஜில் எட்டு முனைக் கொம்போடு ஒரு மான் தொங்கிக்கொண்டிருந்தது. "எட்டு வயதா?" என்று கேட்டுவிட்டேன். சுற்றி நின்ற நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அப்புறம் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. மான் கொம்பு மாட்டுக் கொம்பு மாதிரி இல்லை. குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும், வசந்தத்தில் மறுபடி முளைக்கும். முனை எத்தனை என்பது வம்சத்தையும் தின்ற தீனியையும் பொறுத்தது. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பக்கத்தில் ஒன்றரை வயதுப் பயலே ஆறு முனை, எட்டு முனை வைத்துக்கொண்டு திரிவான்.

அன்றைக்கு என்னைக் கேலி செய்த அதே மனிதர்தான் பல் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். கீழ்த்தாடையைத் தனியாக எடுத்து, செய்தித்தாள் மேல் வைத்து, டார்ச்சை என் கையில் கொடுத்தார். முன்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு வெற்றிடம், அதைத் தாண்டிக் கடைவாய்ப் பற்கள். அவற்றை முன்னாலிருந்து பின்னால் எண்ண வேண்டும். நாலோ ஐந்தோ இருந்தால் அந்த வருடக் குட்டி. ஆறும் இருந்தால் மூன்றாவது பல்லைப் பார்க்க வேண்டும், விஷயமே அங்கேதான். அது மூன்று முகடு கொண்ட, தேய்ந்த பால்பல்லாக இருந்தால் ஒன்றரை வயது. சிலதில் அந்தப் பால்பல் ஆடிக்கொண்டிருக்கும், அடியிலிருந்து புதுப்பல் தள்ளிக்கொண்டு வரும். புதுப்பல்லுக்கு இரண்டு முகடுதான், பக்கத்துப் பற்களில் இருக்கும் பழுப்புக் கறை ஏறாமல் வெள்ளையாக நிற்கும். இந்த மாற்றம் முடிந்து நாளாகியிருந்தால் இரண்டரை அல்லது அதற்கு மேல்.

அதற்கு மேல் தேய்மானக் கணக்கு. பல்லின் வெளிப்பூச்சான எனாமல் வெள்ளையாகவும், உள்ளே இருக்கும் டென்டின் பழுப்பாகவும் தெரியும். மெல்ல மெல்ல எனாமல் தேய்ந்து பழுப்புக் கோடு அகலமாகும். நாலாவது பல்லில் நாக்குப் பக்க முகட்டில் பழுப்பு வெள்ளையைவிட ஒடுங்கி இருந்தால் இரண்டரை, அகன்றிருந்தால் மூன்றரை. ஐந்தாவது பல்லிலும் அகன்றுவிட்டால் நாலரை, ஆறாவதிலும் என்றால் ஐந்தரை. நியூயார்க் மாநிலத்தில் செவெரிங்ஹாஸ் என்ற ஆய்வாளர் 1949-இல் வெளியிட்ட முறை இது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் மணல் கலந்த தீனி தின்ற மானுக்குப் பல் சீக்கிரம் தேயும். என்னைக் கேட்டால் குட்டி, ஒன்றரை, அதற்கு மேல் என்ற மூன்று பிரிவை மட்டும் நம்பலாம். "இது நாலரை, ஐந்தரை இல்லை" என்று கராஜில் பந்தயம் கட்டுபவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள்.

சரியாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் கீழ்த்தாடையின் நடு முன்பல் இரண்டையும் வேரோடு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். (மேல்தாடையில் மானுக்கு முன்பல்லே கிடையாது.) வேரை மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் மர வளையம் எண்ணுவதுபோல எண்ணுகிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும், இங்கே மாதிரி கடுங்குளிர் ஊரில் அது தெளிவாகவே விழும்.

"விட்டுவிட்டேன்" என்றவர் உயிரோடு இருக்கும் மானின் உடல்வாகைப் பார்த்துச் சொல்கிறார். ஒன்றரை வயது ஆண், பெண்மானுக்குக் கொம்பு ஒட்டவைத்தது மாதிரி இருக்கும். ஒல்லிக் கழுத்து, நெடுநெடுவென்று கால். மூன்றரையில் பந்தயக் குதிரை: மார்பு விரிந்து, இடுப்பு ஒட்டி, இணைசேரும் பருவத்தில் கழுத்து பருத்திருக்கும். ஐந்தரையைத் தாண்டினால் வயிறு தொங்கி, முதுகு வளைந்து, கால் குட்டையானது போலத் தோன்றும். சிறுசுகளை வளரவிட வேண்டும் என்ற எண்ணம் இங்கே பலருக்கு உண்டு. பென்சில்வேனியா மாநிலம் 2002-இல் இதைச் சட்டமாகவே ஆக்கி, குறைந்தபட்ச முனைக் கணக்கு வைத்தது.

கறி கொடுத்தால் ஒன்று கேளுங்கள்: சோதனை செய்தார்களா? மானின் மூளையைத் தின்னும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் 2002-இல் இந்த மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. வயதான ஆண்மான்களில்தான் அது அதிகம். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் உள்ள மானைத் தின்ன வேண்டாம் என்பதுதான் அரசின் அறிவுரை. பெரிய கொம்புக்காரன் கறி என்றால் நான் முடிவு வரும்வரை பொறுப்பேன்.

போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். ஆனால் எச்-1பி மாதிரி தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. விலக்குகள் சில உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதில் ஒன்று. அது இல்லாமல் "சும்மா ஒரு நிமிடம் பிடி" என்று நீட்டினால்கூட வாங்காதீர்கள். சும்மா கூடப் போனாலும் பளீரென்ற ஆரஞ்சு மேல்சட்டை, தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

கராஜுக்குத் திரும்பியதும் டார்ச்சை நீங்கள் பிடியுங்கள். நேர் மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மூன்றாவது பல்லின் முகடுகள் நிழலோடு எழுந்து தெரியும்.