பாலைவனத்தில் முறைப் பாசனம்: கேள்வி பதில்

நான் பெரியாறு பிரதான கால்வாயில் முப்பது ஆண்டுகள் ஷட்டரும் (மதகுக் கதவு) கேஜுமாக (நீர் அளவுப் பலகை) இருந்து ஓய்வு பெற்றவன். மகன் அமெரிக்காவின் அரிசோனாவில் இருப்பதால் மூன்று முறை அங்கே போய்த் தங்கினேன். வேறு வேலை இல்லாமல் வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றினேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் இத்தனை கேள்விகள் வந்திருக்கின்றன.

மேலூரிலிருந்து ஒருவர்: ஐயா, கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பிரித்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். நம் வைகைப் பங்கு மாதிரிதானா?

இல்லை. எல்லா வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. வைகைப் பூர்வீகப் பாசனத்தில் இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைக்கு 7:3:2 என்று விகிதம் வைத்திருக்கிறோம். அணையில் பாதிதான் இருந்தால் மூவருக்கும் பாதிதான். அவர்கள் 1922-இல் எழுதியது விகிதம் அல்ல, அளவு. ஆற்றின் மேல்பகுதி மாநிலங்களான மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்பகுதி மாநிலங்களான கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். 1944-இல் மெக்சிகோவுக்கு மேலும் 15 லட்சம். ஆக மொத்தம் 165 லட்சம். எழுதிய காலம் நல்ல மழைக்காலம். 2000-க்குப் பிறகு ஆற்றில் வருவதோ ஏறக்குறைய 120 லட்சத்தைச் சுற்றித்தான். களம் நிறைந்த வருடத்தில் பேசிய குத்தகையைக் காய்ந்த வருடத்திலும் கேட்டால் என்ன ஆகும்?

இதில் ஒரு வேடிக்கை. மேல்படுகை மாநிலங்கள் 1948-இல் தங்களுக்குள் பிரித்துக்கொண்டபோது சதவீதமாக எழுதிக்கொண்டன. கொலராடோ மாநிலத்துக்கு 51.75, யூட்டாவுக்கு 23 என்று. அதற்குள் புத்தி வந்துவிட்டது போலும்.

திருமங்கலத்திலிருந்து: பற்றாக்குறை வந்தால் முதலில் யாருக்கு அடைப்பார்கள்?

கடைசியாக வந்தவருக்கு. யார் முதலில் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினாரோ அவருக்கு முதல் தண்ணீர். இது சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த வழக்கம். பின்னால் வந்தவர் நிலம் கருகினாலும் முன்னவர் பங்கு முழுசாகப் போகும். கொலராடோ ஆற்றிலிருந்து வரும் அரிசோனாவின் பெரிய கால்வாய் 336 மைல் நீளம். பீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கெல்லாம் அதுதான் உயிர். 1968-இல் அதற்கு ஒப்புதல் வாங்க கலிபோர்னியாவின் ஆதரவு தேவைப்பட்டது. ‘பஞ்சம் வந்தால் நாங்கள் முதலில் விட்டுக்கொடுக்கிறோம்’ என்று அரிசோனா ஒத்துக்கொண்டது. 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். மறு ஆண்டே பினால் மாவட்ட விவசாயிகளுக்கு அந்தக் கால்வாய்த் தண்ணீர் பெரும்பகுதி நின்றது. அங்கே ஒரு சிமெண்ட் வாய்க்காலில் இறங்கி நின்றேன். அடியில் வண்டல் ஓடு ஓடாக வெடித்துச் சுருண்டு கிடந்தது. கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வைகை அணை திறக்காத வருடத்தில் நம் கிளைவாய்க்காலும் அப்படித்தானே இருக்கும்.

நாகமலையிலிருந்து ஒரு ஆசிரியை: லாஸ் வேகாஸில் செயற்கை நீரூற்று ஆடுகிறதே, அதற்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர்?

அம்மா, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் பங்கு 3 லட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் 13 டிஎம்சி. இரண்டு வைகை அணைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் புழங்கிய நீரைச் சுத்தம் செய்து கொலராடோ ஆற்று அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திருப்பி விடுகிறார்கள். விட்ட அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதனால் அங்கே குளிப்பது குற்றமில்லை, புல்தரைக்குப் பாய்ச்சுவதுதான் குற்றம். யாரும் நடக்காத அலங்காரப் புல்லை 2026 முடிவதற்குள் அகற்ற வேண்டும் என்று 2021-இல் சட்டமே போட்டார்கள். ஆற்றுக்கு நாமும் திருப்பி அனுப்பத்தான் செய்கிறோம். எந்த லட்சணத்தில் என்பது மதுரையில் பந்தல்குடி வாய்க்கால் ஓரமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும்.

ஒத்தக்கடையிலிருந்து: பிளாட் வாங்கி வீடு கட்டினேன். போர் வற்றிவிட்டது, லாரித் தண்ணீர்தான். அங்கேயும் இப்படி உண்டா?

உண்டு. அச்சாக இதே கதை. அரிசோனாவின் 1980 சட்டப்படி, பீனிக்ஸைச் சுற்றி ஆறு மனையாகவோ அதற்கு மேலோ பிரித்து விற்பவர் நூறு ஆண்டுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். சட்டம் ஆறு என்றால் விற்பவர் ஐந்தாகப் பிரிப்பார்! ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற இடத்தில் அப்படி முளைத்தவை நூற்றுக்கணக்கான வீடுகள். பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகரத்துக் குழாயில் பிடித்து லாரியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிக்கொண்டார்கள். ‘எங்கள் ஆற்றுப் பங்கே குறைகிறது, எங்கள் எல்லைக்கு வெளியே தர முடியாது’ என்று 2023 ஜனவரி 1-ஆம் தேதி நகரம் அடைத்துவிட்டது. லாரிகள் தொலைவு போய்ப் பிடித்தன, விலை எகிறியது. காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள், மழைநீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். பிறகு மாநிலம் தலையிட்டு இடைக்கால ஏற்பாடு செய்தது.

நகரம் செய்தது சரியா என்று கேட்பீர்கள். தன் மக்களுக்குப் பொறுப்பான நகரம் தன் குழாயை அடைத்தது. உள்ளூர்க் கட்டுப்பாடு என்பதற்கு இந்த முகமும் உண்டு. உங்கள் மனையைப் பதிவு செய்தபோது தண்ணீரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

உசிலம்பட்டியிலிருந்து: ஊர்க்காரர்களே பிரித்துக்கொள்ளும் முறை அங்கே எங்குமே இல்லையா?

நியூ மெக்சிகோவில் இருக்கிறது. ஸ்பானியர் காலத்து வாய்க்கால்கள், பெயர் அசெக்கியா. ஊரார் தேர்ந்தெடுக்கும் ‘மயோர்டோமோ’ என்ற வாய்க்கால் மேற்பார்வையாளர், முறை வைத்து நீர் விடுகிறார். அதைக் கேட்டவுடன் எனக்கு நம் நீர்ப்பாய்ச்சி ஞாபகம்தான் வந்தது. வசந்த காலத்தில் பங்குதாரர்கள் மண்வெட்டியோடு வந்து தூர் வார வேண்டும், வராதவர் ஆள் அனுப்ப வேண்டும். குடிமராமத்து, வேறென்ன? 2003 முதல், பங்கு நீரை வாய்க்காலுக்கு வெளியே ஒருவர் விற்க முனைந்தால் அதை மறுக்கும் அதிகாரத்தையும் அந்தச் சங்கங்கள் பெறலாம்.

பெரிய அளவில் என்றால் கலிபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டம். ஐந்து பேர் கொண்ட வாரியம், தேர்தலில் வருகிறவர்கள். கையில் 31 லட்சம் ஏக்கர் அடி, அதாவது 135 டிஎம்சி. மேட்டூர் நிரம்பினால் 93 தான், பார்த்துக்கொள்ளுங்கள். 2003-இல் சான் டியேகோ வட்டார நீர் ஆணையத்துக்கு ஒரு பகுதியைக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள். வயலில் சிக்கனம் வந்தது, வடிகால் நீர் குறைந்தது. அந்த வடிகாலை நம்பியிருந்த சால்டன் ஏரி சுருங்கி, வெளிப்பட்ட படுகையிலிருந்து புழுதி கிளம்பி ஊர் மூச்சுக்குள் போகிறது. கழிவென்று நினைத்த நீருக்கும் ஓர் ஆயக்கட்டு இருந்திருக்கிறது.

சோழவந்தானிலிருந்து ஒரு மாணவர்: பழங்குடியினருக்குப் பங்கு?

1922-இல் மேசைக்கே கூப்பிடவில்லை. அவர்கள் உரிமையை 1908-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது, இருந்தும். பலர் வழக்காடித்தான் வாங்கினார்கள். கிலா ஆற்றுச் சமூகத்துக்கு 2004-இல்தான் வந்தது.

அலங்காநல்லூரிலிருந்து: அண்ணே, அப்படியானால் ஷட்டர் சாவியை எங்கள் சங்கத்திடமே கொடுத்துவிடலாமா?

தம்பி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் நீங்கள் தலைமடை. ஒருமுறை இரவு ரோந்தில், அடைத்திருக்க வேண்டிய ஷட்டருக்கு அடியில் ஒரு அம்மிக்கல்லைச் செருகியிருந்தார்கள். சத்தமில்லாமல் நீர் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் கடைமடைக்காரர்கள் என் ஜீப்பை மறித்தார்கள். எத்தனை அடி போனது என்று கேட்டார்கள். அந்த மடையில் கேஜ் பலகையின் எண்கள் அழிந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. என்னிடம் பதில் இல்லை.

உங்கள் மடையில் கேஜ் எண்கள் தெரிகின்றனவா என்று நாளைக் காலை பார்த்துவிட்டு எழுதுங்கள். சாவி விஷயம் அதற்கு அடுத்த வாரம்.