ஆறு வாக்குத் தோல்வியும் பதின்மூன்று வாக்குக் கணக்கும்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில், வெண்ணாற்றங்கரைப் பேரூராட்சி ஒன்றில், 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்று ஆறு வாக்கில் தோற்றேன். எண்ணிக்கை அன்று ஆட்சேபித்துச் சத்தம் போட்ட என்னைப் போலீசார் வெளியே தள்ளினார்கள். வாக்குச்சாவடி அலுவலர் ஒருவர் வெற்றி பெற்றவரின் மனைவி வழி உறவு. என் பங்காளிகளே எனக்கு எதிராக வேலை செய்தார்கள். அந்த ஆண்டிலிருந்து கோயிலில் எங்கள் குடும்பத்துக்குக் கட்டிவந்த பரிவட்டமும் நின்றுவிட்டது. இயந்திரத்தில் மோசடி நடந்ததாகக் கெடுவுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டு, என்னையே வெற்றி பெற்றவராக அறிவிக்கக் கேட்டிருக்கிறேன். வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. இரண்டாம் வாக்குச்சாவடியில் மாலையில் என் முகவரிடம் கொடுத்த கணக்குத் தாளில் பதிவான மொத்த வாக்கு 418 என்று இருந்தது. எண்ணும்போது இயந்திரம் 431 என்று காட்டியது. போட்ட வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் எங்கள் வார்டில் வைக்கப்படவில்லை. அரியானாவில் ஓர் ஊராட்சியின் இயந்திரங்களை உச்ச நீதிமன்றமே வரவழைத்து எண்ணியதாகப் படித்தேன். அதுபோல எங்கள் இயந்திரத்தையும் எண்ண வைக்க உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா? வழக்கை வாபஸ் வாங்கினால் என் செலவைத் தருவதாகவும், அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றும் வெற்றி பெற்றவர் பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: ஐயா, நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றுதான் இருக்கிறது. 418 என்று முடிந்த கணக்கு 431 ஆக எழுந்து நின்றது என்பதே அது. போலீசார் தள்ளியது, பங்காளிகள் கைவிட்டது, பரிவட்டம் நின்றது ஆகிய எதுவும் தேர்தலைச் செல்லாததாக்காது. அலுவலர் ஒருவர் எதிர்த்தரப்புக்கு உறவு என்பதும், அந்த உறவால் அவர் செய்த குறிப்பிட்ட செயல் ஒன்றை நீங்கள் காட்டாதவரை, வெறும் உறவாகவே நிற்கும். இவற்றை மனுவில் எழுதியிருந்தால் அவற்றைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டாம் என்று உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் உங்களைக் கோபப்படுத்துவதற்கு மட்டுமே அவை பயன்படும்.

பதின்மூன்று வாக்கு அதிகம். உங்கள் தோல்வி ஆறு வாக்கில். வித்தியாசம் தோல்வியின் இடைவெளியை விடப் பெரியது என்பதால்தான் இந்த வழக்குக்கு உயிர் இருக்கிறது. நீங்கள் இருபது வாக்கில் தோற்றிருந்தால், இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். ஏனெனில் தவறு நடந்தது என்பது போதாது, அந்தத் தவறு முடிவையே பாதித்தது என்று காட்டியாக வேண்டும்.

இனி அரியானா வழக்குக்கு வருகிறேன். அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் அல்லர். பானிபட் மாவட்டத்தின் புவானா லகு என்ற ஊரில் 2022 நவம்பர் 2 அன்று ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் தேர்தல் மனு போட்டார். 69 ஆம் எண் வாக்குச்சாவடியின் முடிவை எழுதியதில் பிழை என்று அவர் சுட்டினார். 2025 ஏப்ரலில் அந்த ஒரு சாவடியை மட்டும் மறுபடி எண்ண, அந்த மனுவை விசாரித்த தேர்தல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. உச்ச நீதிமன்றம் எல்லாச் சாவடி இயந்திரங்களையும் தன் வளாகத்துக்கே கொண்டுவரச் சொல்லி, 2025 ஆகஸ்ட் 6 அன்று தன் பதிவாளரைக் கொண்டு எண்ண வைத்தது. தோற்றவருக்கு 1051, வென்றவராக அறிவிக்கப்பட்டவருக்கு 1000. இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த ஊரில் இயந்திரம் சரியாகக் கணக்கு வைத்திருந்தது, மனிதர் எழுதிய தாள்தான் தவறியிருந்தது. ஆகவே இயந்திரத்தை மறுபடி கேட்டதும் உண்மை வெளியே வந்தது.

உங்கள் வழக்கு இதற்கு நேர்மாறானது. உங்களுக்குச் சாதகமாக இருப்பது தாள்; பாதகமாக இருப்பது இயந்திரம். மின்னணு இயந்திரத்தில் மறு எண்ணிக்கை என்பது முடிவுப் பொத்தானை மறுபடி அழுத்துவதுதான். வாக்குச்சீட்டைப் போல ஒவ்வொன்றாகப் பிரித்து, இது செல்லும் இது செல்லாது என்று வாதாட அதில் எதுவும் இல்லை. பத்து முறை அழுத்தினாலும் அது 431 என்றுதான் காட்டும். நீங்கள் கேட்டு, நீதிமன்றம் அனுமதித்து, எல்லோர் முன்னிலையிலும் அந்த எண் மறுபடி தோன்றிவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, மனுதாரர் கேட்ட பரிசோதனையிலேயே எங்கள் எண் உறுதிப்பட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். தாங்களே கேட்ட மறு எண்ணிக்கையால் தங்கள் வழக்கை முடித்துக்கொண்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரிடம் இன்னும் நல்ல ஆதாரம் மிச்சம் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது வாக்காளர்கள் கையொப்பமிட்ட பதிவேட்டையும், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எழுதி முத்திரையிட்டு அனுப்பிய வாக்குப்பதிவுக் கணக்குப் படிவத்தையும். பதிவேட்டில் 418 பேர் கையொப்பம் இட்டிருந்து, படிவமும் 418 என்று சொல்லி, வாக்குகளைச் சேமித்துவைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் 431 என்றால், அந்தப் பதின்மூன்று வாக்குகளை எந்த வாக்காளரும் போடவில்லை என்பது நிறுவப்படும். மோசடி என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டியதில்லை.

என் ஊகத்தைச் சொல்கிறேன். வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, முடிவைக் காட்டி, பிறகு அதை அழித்துவிட்டுத்தான் இயந்திரத்துக்கு முத்திரையிட வேண்டும். அந்த அவசரத்தில் அழிக்க மறந்தால் மாதிரி வாக்குகள் உள்ளேயே தங்கி, மாலையில் உண்மையான வாக்குகளோடு சேர்ந்து நிற்கும். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களிலும் இந்தப் பிழை நேர்ந்ததுண்டு. சின்னஞ்சிறு வித்தியாசங்களுக்கு நான் பார்த்தவரை இதுவே பெரும்பாலும் காரணம். வெளியிலிருந்து யாரோ இயந்திரத்துக்குள் புகுந்தார்கள் என்பது அன்று. அன்று காலை யாருக்கு எத்தனை மாதிரி வாக்கு விழுந்தது என்று உங்கள் முகவர் குறித்து வைத்திருந்தால், அந்தக் குறிப்பு உங்கள் மனைவியின் அடகு நகையை விட மதிப்புள்ளது. இல்லையென்றால் அந்தப் பதின்மூன்றை யார் கணக்கிலிருந்து கழிப்பது என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. அப்போது உங்களை வெற்றி பெற்றவராக அறிவிக்கவும் முடியாது, தேர்தல் செல்லாது என்று அறிவிக்க மட்டுமே முடியும். அந்தக் கோரிக்கையும் உங்கள் மனுவில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது நான் மிகவும் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். இயந்திரத்தில் மோசடி என்று மனுப் போட்டதாக எழுதுகிறீர்கள். 418, 431, இரண்டாம் வாக்குச்சாவடி என்ற மூன்றும் அந்த மனுவுக்குள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதை நீங்கள் எழுதவில்லை. தாள் வழக்கறிஞரின் கட்டில் இருப்பது வேறு, மனுவின் பத்தியில் இருப்பது வேறு. தேர்தல் வழக்கில் முக்கியமான உண்மைகள் மனுவிலேயே, கெடுவுக்குள்ளேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதை 1969 இல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சொன்ன உண்மைக்குப் பிற்பாடு விவரம் சேர்க்கலாம். சொல்லாத உண்மையைத் திருத்த மனுவில் நுழைக்க முடியாது. “இரண்டாம் சாவடியில் பதிவானதை விடக் கூடுதலாக வாக்குகள் எண்ணப்பட்டன” என்று ஒரு வரி இருந்தாலும் பிழைத்தீர்கள். எண்களைப் பிறகு சேர்க்க வழி தேடலாம். “இயந்திரங்களில் பெருமளவில் முறைகேடு” என்று மட்டும் இருந்தால், பெட்டியில் உண்மை இருந்தும் வழக்கில் இல்லை. பாசனக் காலத்தில் மடையைத் திறக்காமல் விட்டுவிட்டு, கோடையில் வாய்க்காலைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாக்குச்சீட்டு முறைத் தேர்தல்களுக்காக உருவான சட்டமும் இதையே சொல்கிறது. முத்திரையிட்ட தேர்தல் ஆவணங்களைத் திறப்பது சாதாரணமாக நடக்கக் கூடாது, துல்லியமான குற்றச்சாட்டும் முதல்நோக்கில் ஆதாரமும் வேண்டும் என்று 1964 இலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. நம் மாநிலத்து ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கு ஒன்றில் 1989 இல் அது இன்னும் ஒரு படி மேலே போய், திறந்து பார்த்தபோது மனுதாரர் சொன்னது சரியாக இருந்தது என்பதைக் கொண்டு திறக்கச் சொன்ன உத்தரவை நியாயப்படுத்த முடியாது என்றது. ஆகவே, திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்ற வாதத்தை எடுக்கவே வேண்டாம்.

எண்ணிக்கை அறையில் சத்தம் போட்டதாகச் சொல்கிறீர்கள். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தீர்களா? கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கியிருந்தால் அதை உடனே தேடி எடுங்கள். கொடுக்கவில்லை என்றால் அது உங்களுக்கு எதிராகப் பேசும்; சத்தத்துக்கு நகல் கிடையாது. முகவர் இன்னும் ஊரில் இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். நம் பக்கத்து இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள், வழக்கு சாட்சி நிலைக்கு வரும்போது தாளைப் பெற்றவர் கூண்டில் இல்லை என்ற நிலையைப் பலமுறை பார்த்துவிட்டேன். முத்திரையிட்ட பதிவேடு நீதிமன்ற உத்தரவால் பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்பதை இந்த வாரமே உறுதிசெய்யுங்கள். தேர்தல் ஆவணங்கள் என்றென்றும் வைக்கப்படுவதில்லை. இயந்திரங்களும் அடுத்த தேர்தலுக்குத் துடைக்கப்பட்டுப் போய்விடும்.

ரிட் வேண்டாம். அரசியல் சட்டத்தின் 243-இசட்ஜி பிரிவு நகர உள்ளாட்சித் தேர்தலைத் தேர்தல் மனு வழியாக அன்றிக் கேள்வி கேட்கத் தடை விதிக்கிறது. அந்த மனு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தவர் என்பதால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகத் தோன்றினால், மனுவைக் குறித்த காலத்துக்குள் முடிக்கச் சொல்லி மாவட்ட நீதிமன்றத்துக்கு உத்தரவிடக் கேட்பதற்காக மட்டும் போங்கள். அதில் அவசரம் உண்டு: உறுப்பினர்கள் 2022 மார்ச் 2 அன்று உறுதிமொழி ஏற்றார்கள், மன்றத்தின் காலம் ஐந்தாண்டு, அது முடிந்தால் உங்கள் மனு வெறும் காகிதம். ஒப்புகைச் சீட்டு வைக்கவில்லை என்ற வாதத்தையும் நம்பாதீர்கள். 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஐந்து விழுக்காடு இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்தும் தேர்தல்களுக்கு. உங்கள் தேர்தலை நடத்தியது மாநிலத் தேர்தல் ஆணையம்.

கடைசியாகச் சமாதானம். மனுவில் அந்த வரி இல்லையென்றால் வாபஸ் வாங்குங்கள். நகையை மீட்பதற்கு அதை விட நேர்மையான வழி இல்லை. ஆனால் பெரியவர்கள் கொண்டுவந்த நிபந்தனைகளில் ஒன்றையும் ஏற்காதீர்கள். தேர்தல் மனு இருவருக்கு இடையிலான கடன் வழக்கு அன்று. வாபஸுக்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவை, பேரத்தால் நடக்கும் வாபஸை அனுமதிக்கக் கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் தெளிவான நிலை, உள்ளாட்சி வழக்கை விசாரிக்கும் நீதிபதியும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். அடுத்த தேர்தலில் நிற்பதையும் நிற்காமல் இருப்பதையும் பற்றிய பேச்சு அதைவிட ஆபத்தானது. தேர்தலில் நிற்கும் உரிமையைப் பயன்படுத்தவோ கைவிடவோ ஒருவரைத் தூண்டக் கைம்மாறு கொடுப்பதும் அதை வாங்குவதும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 170 ஆம் பிரிவில் லஞ்சக் குற்றம். இன்று அவர் விலகுவதாகச் சொல்கிறார்; நாளை அதே பெரியவர்கள் அந்தப் பணத்துக்கு ஈடாக நீங்களும் ஒதுங்குங்கள் என்று கேட்டால், வாங்கிய தொகைக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பத்திரத்தில் எழுதினால் உங்களுக்கு எதிரான ஆவணத்தில் நீங்களே கையெழுத்திட்டவர் ஆவீர்கள். வாபஸ் என்றால் அவரவர் செலவு அவரவருக்கு, ஒரு ரூபாய் கைமாறக் கூடாது, அடுத்த தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது.

மனுவில் அந்த வரி இருந்தால் சமாதானமே பேசாதீர்கள். நாளைக் காலை வழக்கறிஞரிடம் போய் மனுவின் சான்றிட்ட நகலை வாங்கி, இரண்டாம் வாக்குச்சாவடி என்ற சொல் எந்தப் பத்தியில் வருகிறது என்று நீங்களே விரல் வைத்துத் தேடுங்கள்.