டூவீலர் பங்குகளை ஒப்பிட்டபோது நான் சறுக்கிய இடம்

ஒரு பங்கை அதன் துறையோடும் போட்டி நிறுவனங்களோடும் ஒப்பிட எந்த விகிதங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விகிதத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அது எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

2022-ல் டூவீலர் பங்கு ஒன்று வாங்கலாம் என்று டிவிஎஸ், ஹீரோ, பஜாஜ், ஐஷர் நான்கையும் ஆப்பில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கடன்-மூலதன விகிதத்தில் (சொந்த மூலதனத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு என்பது) மற்ற மூன்றும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க, டிவிஎஸ் மட்டும் எங்கேயோ உயரத்தில் நின்றது. இவ்வளவு கடனா என்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஆண்டறிக்கையைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. ஆப் காட்டியது கன்சாலிடேட்டட் கணக்கு, அதாவது துணை நிறுவனங்களையும் சேர்த்து எழுதுவது. அதில் துணை நிறுவனமான டிவிஎஸ் கிரெடிட்டும் சேர்ந்திருந்தது. அது வண்டிக்கு லோன் கொடுக்கும் நிறுவனம். கடன் வாங்கித்தான் கடன் கொடுக்கும். மளிகைக் கடைக்கு மூட்டை எப்படியோ அப்படித்தான் அதற்குக் கடன். ஹீரோவுக்கும் ஹீரோ ஃபின்கார்ப் என்ற லோன் நிறுவனம் இருக்கிறதே என்பீர்கள். ஆனால் அதில் ஹீரோ மோட்டோகார்ப்பின் பங்கு சுமார் 40 சதவீதம்தான், அது துணை நிறுவனம் ஆகாது. அதனால் லாபத்தில் உள்ள பங்கு மட்டும் கணக்கில் ஏறும், கடன் ஏறாது. தொழில் ஒன்றுதான், கணக்கு எழுதும் விதி வேறு. துணை நிறுவனங்களைச் சேர்க்காத ஸ்டாண்ட்அலோன் கணக்கை எடுத்துப் பார்த்தால் டிவிஎஸ்ஸின் கடன் பயப்படும் அளவில் இல்லை. அதற்குள் பங்கு விலை நன்றாக ஏறிவிட்டிருந்தது, அது தனிக் கதை!

ஐஷரில் வேறு மாதிரிச் சிக்கல். வால்வோவோடு சேர்ந்து நடத்தும் லாரி, பஸ் தொழிலின் விற்பனை ஐஷரின் வருமானத்தில் வராது. லாபத்தில் அதன் பங்கு மட்டும் வரும். ஆகவே கன்சாலிடேட்டட் நிகர லாப விகிதம் உள்ளதைவிடக் கொஞ்சம் கொழுத்துத் தெரியும். அந்தக் கூட்டுத்தொழிலின் லாபம் சேராத செயல்பாட்டு லாப விகிதத்தை எடுத்தால் கிட்டத்தட்ட ஐஷரின் சொந்தத் தொழிலான ராயல் என்ஃபீல்டு புல்லட்டை மட்டும் பார்க்கலாம். பஜாஜிடம் ரொக்கக் கையிருப்பும் முதலீடுகளும் அதிகம், அது ஆர்ஓஇ-யை (பங்குதாரர் மூலதனத்தின் மேல் வரும் லாப விகிதம்) கீழே இழுக்கும். 2024-ல் பஜாஜும் சொந்தமாக லோன் நிறுவனம் தொடங்கிவிட்டதால், கடன் விகிதத்தை இனி அங்கேயும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, துறை சராசரி பி/இ (பங்கு விலை ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது)? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாகனத் துறைப் பங்குகளின் குறியீடான நிஃப்டி ஆட்டோவில் கார், டிராக்டர், உதிரிபாகம் எல்லாம் ஒரே கூடையில் கிடக்கின்றன. ஓலா எலக்ட்ரிக் மாதிரி நஷ்டத்தில் ஓடுபவருக்கு பி/இ என்ற எண்ணே கிடையாது. அதனால் பி/இ-யை இந்த நால்வருக்குள் ஒப்பிடுவேன், அப்புறம் அதே பங்கின் பத்து வருடப் பழைய பி/இ-யோடு ஒப்பிடுவேன். கடனையும் செயல்பாட்டு லாபத்தையும் ஸ்டாண்ட்அலோனில் பார்ப்பேன். லோன் நிறுவனம் இருந்தால் அதன் வாராக்கடனைத் தனியாக.